மெதுவாக ஊற்றுகிறவர்

"பிள்ளைங்க பந்து விளையாடுற இடத்துல பீர் விக்கிறதே தப்பு. அதுக்கு இப்படி வரிசை வேற!"

வரிசையில் லுபோஷுக்குப் பின்னால் நின்ற, ஆடும் பிள்ளை ஒன்றின் தாயான ராட்கா பொருமினாள்.

"இன்னும் ஒரு வாரம்தான்" என்றான் லுபோஷ். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினான். சிறுவர் ஆட்டம் நடக்கும்போது மைதானத்தில் பீர் கூடாது என்ற மனு. பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கிளப் செயலாளரான அவன் மட்டும்தான் பாக்கி.

"அப்புறம் எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?"

"நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"தடை வர்ற வரைக்கும் தாகம் எடுக்குமே!" என்று சிரித்தாள் ராட்கா.

செக் நாட்டு மொராவியாவின் சின்ன ஊர் அது. சனிக்கிழமை காலை. பதினோரு வயதுக்குட்பட்டவர்களின் கால்பந்து ஆட்டம். இடது ஓரத்தில் லுபோஷின் மகள் அனேஷ்கா பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

"அனேஷ்கா! உள்ள குடு! உள்ள குடுன்னு எத்தனை தடவை சொல்றது!"

வரிசையிலிருந்தே அவன் போட்ட கூச்சலில் அவள் திரும்பிப் பார்த்தாள். பந்து பறிபோனது.

"பாருங்க, கவனமே இல்ல" என்று அலுத்துக்கொண்டான்.

கடைக்காரர் யரோமீர் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தார். எழுபதைத் தாண்டியவர். அவன் முன்னால் நின்ற ஒல்லி மனிதருக்குக் கண் மூடித் திறப்பதற்குள் பீரை நீட்டினார். லுபோஷின் முறை வந்ததும் குழாயைப் பாதி திருப்பினார். கிளாஸ் முழுக்க நுரை. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுப்பில் கிடந்த சாசேஜைப் புரட்டினார். மேசையைத் துடைத்தார். அவன் தலைக்கு மேலாகவே ராட்காவுக்கு ஒரு கிளாஸை நீட்ட, அவள் கண்ணடித்துவிட்டுப் போய்விட்டாள்.

"மாமா, நானும் வரிசையிலதான் நிக்கிறேன்."

"நுரை அடங்கணும்ப்பா."

"எனக்கு மட்டும்தான் நுரையா?"

அவர் மறுபடியும் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். லுபோஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? முப்பத்தஞ்சு வருஷமா மனசுல கிடக்கு. எனக்கு அப்போ பத்து வயசு. பக்கத்து ஊர்க்காரங்களோட ஆட்டம். முதல் தடவையா கோல் போட்டேன். ஒண்ணு இல்ல, ரெண்டு! திரும்பிப் பார்த்தா வேலியோரம் அப்பா நிக்கிற இடம் காலி. இங்க, உங்ககிட்ட, பீருக்கு நின்னுக்கிட்டிருந்தார். ஒரு கிளாஸ் பீருக்காக ரெண்டு கோலையும் விட்டுட்டார். சாகற வரைக்கும் நானும் கேக்கல, அவரும் சொல்லல. இந்தக் கடையை மூடினா எனக்கு வருத்தமே இல்ல, மாமா."

யரோமீர் துணியை மடித்து வைத்தார்.

"அதுக்கு முன்னாடி நீ ஏன் கோலே போடல?"

லுபோஷ் யோசித்தான்.

"உங்கப்பா குரல் ஞாபகமிருக்கா?"

மறக்குமா? மரமறுக்கும் ஆலையில் ரம்பத்தின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி முறுக்கேறிய தொண்டை. 'ஓடுடா! உனக்கு இருக்கிறது காலா, கட்டையா?' என்று அது வேலியோரத்திலிருந்து வந்தாலே இவனுக்குக் கால் இரண்டும் பின்னிக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் அதே அப்பா, ஈர பூட்ஸைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, இவனை சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து, பாப்லர் மரங்களினூடே ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிப் போவார். முதுகில் அவர் நெஞ்சின் சூடு படும். வழியில் கேட்காமலே வெனிலா ஐஸ் வாங்கித் தருவார்.

"அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தார்" என்றார் யரோமீர். "'நான் வேலியோரம் நின்னா பையனுக்குக் கால் பின்னுது. வாயை மூடிக்கிட்டு நிக்கலாம்னு பார்த்தா முடியல. வீட்டிலேயே கிடக்கலாம்னா மனசு கேக்கல. நாளைக்கு நான் பீருக்கு வந்தா சீக்கிரம் குடுத்துடாதே, இழுத்துப் பிடி'ன்னார்."

"அப்போ அந்தக் கோல்?" என்றான் லுபோஷ்.

"ரெண்டு கோலையும் பார்த்தார்டா. இப்ப நீ நிக்கிற இதே இடத்துல நின்னு, அந்தக் கொடிக்கம்பத்துக்கும் பலகைச் சுவருக்கும் நடுவால. ரெண்டாவது கோலுக்குக் கத்திடுவோம்னு பயந்து தொப்பியைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டார். கண்ணுல தண்ணி. பீரை எடுக்கவே மறந்து போயிட்டார்."

"ஏன் மாமா இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லாதேன்னுட்டார். பையன் தானா போட்ட கோலாவே இருக்கட்டும்னார்."

லுபோஷ் இடைவெளி வழியாக மைதானத்தைப் பார்த்தான். அனேஷ்காவிடம் மறுபடியும் பந்து. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இடது ஓரத்திலேயே இரண்டு பேரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவன் வாய் தானாகத் திறந்தது. உதட்டைக் கடித்து மூடிக்கொண்டான்.

"அப்போ எனக்கு..." என்று தயங்கினான். "எனக்கு மெதுவா ஊத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. உனக்கும் அதே தொண்டை. நானாத்தான்."

யரோமீர் நிறைந்த கிளாஸை அவன் முன்னால் வைத்தார். "இந்தா, எடுத்துக்கிட்டுப் போ."

லுபோஷ் அதை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினான்.

"ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, மாமா. வேற ஒண்ணு ஊத்துங்க."