இரண்டாவதையும் கழட்டியாச்சு

“எங்கடை கீர்த்திகா ஒருமாதிரி ஓம் எண்டிட்டாள், அருந்ததி! ஆவணியிலை கலியாணம். முதல் கார்ட் உனக்குத்தான்.”

உரும்பிராயில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால், ‘ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ’ என்று தயாளினியின் காதில் போட்டால் போதும். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுச் செய்தியைச் சும்மா விடுவாளா? மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்குப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள்.

மெல்பேணில் வேலை பார்க்கும் மகள் எட்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்தவள். ஒன்பதாவதும் போச்சு என்று தாய் இருந்தபோது, சித்திரையில் தானாகவே போன் எடுத்து, “நீங்கள் பார்த்த ஆளையே செய்யிறன், அம்மா” என்றாள். தயாளினி காரணம் கேட்கவில்லை. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள்.

“நல்லது, அக்கா” என்றாள் அருந்ததி. முகத்தில் நல்லது இல்லை. “என்ரை பெடியனுக்கும் ஒரு இடம் சரிவரும்போலை இருந்தது. முடிஞ்சாப்பிறகு ஆரெண்டு சொல்லுறன் எண்டவன். ஆரோ அயலுக்கை குழப்பிப்போட்டினம். இப்ப ஒழுங்கான சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை.”

“நாசமாய்ப் போன சனம்!” என்றாள் அந்த ‘ஆரோ’, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

நடந்தது இதுதான். லண்டனிலிருந்து ஒருத்தி போன் எடுத்து, “பக்கத்து வீட்டுக் கஜீபன் எப்பிடி, அன்ரி? தெரிஞ்ச பிள்ளை ஒண்டுக்கு விசாரிக்கிறம்” என்று கேட்டாள். கலியாணம் பேசுமுன் அயலில் விசாரிப்பது ஊர் வழக்கம். விசாரிக்க மாட்டார்களா என்று அயல் காத்திருப்பதும் வழக்கம். தன் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தயாளினி யோசிக்கவேயில்லை. விசாரணை என்றால் தன்னிடம்தானே வர வேண்டும்!

அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், உடுப்புக் காயப்போடும் சாட்டில் மதிலோடு ஒட்டி நின்றவளின் காதில் கஜீபனின் குரல் விழுந்திருந்தது. “முதலாவதைக் கழட்டியாச்சு. இரண்டாவதையும் இப்ப கழட்டிவிடுறன். பிறகு வந்து உன்னோடை ஒட்டுறன்.”

லண்டனுக்கு அதை அப்படியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் சமைத்துத்தான் அனுப்பினாள். “ரெண்டு பெட்டையளைக் கைவிட்டவன், தங்கச்சி. இப்ப மூண்டாவது. என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்.”

கேட்டது காது. கடல் கடந்து போகிற செய்திக்குக் காது மட்டும் காணாது என்று கண்ணையும் சேர்த்துவிட்டாள்.

இப்போது அந்தக் கஜீபன், அருந்ததியின் மகன், மூலையில் பழைய மடிக்கணினியின் முன் குந்தியிருந்தான். பார்க்காமல் போனால் தயாளினிக்கு நித்திரை வராது. எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

“உதென்ன தம்பி, மீற்றரும் சுவிச்சுமாய்க் கிடக்கு?”

“விண்வெளிக் கப்பல் ஓட்டிற விளையாட்டு, அன்ரி.”

“கப்பலைக் காணேல்லையே?”

“அதைத் தாங்க இந்தக் கொம்பியூட்டருக்குச் சத்தில்லை. கப்பல் வேறை ஒராளின்ரை கொம்பியூட்டரிலை ஓடும். நான் இஞ்சை பிறவுசரிலை சுவிச்சை அமத்த, அங்கை எஞ்சின் பத்தும். ரெண்டு வருசமாய் ஆளுக்கொரு கப்பல் விட்டனாங்கள்.”

“ஊசியெல்லாம் பூச்சியத்திலை நிக்குது?”

“சித்திரையிலையிருந்து மற்ற ஆள் வாறேல்லை. அங்கை திறந்தால்தான் இஞ்சை உயிர் வரும். எதுக்கும் நான் ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறனான்.”

தயாளினி கண்ணாடியை இறக்கிச் சுவிச்சுகளை வாசித்தாள். அவன் தானே தமிழில் எழுதி வைத்திருந்தான். முதலாவதைக் கழட்டு. இரண்டாவதைக் கழட்டு. ஒட்டு.

தேத்தண்ணி புரைக்கேறியது.

“ராக்கெட்டிலை எரிஞ்சு முடிஞ்ச துண்டு பாரம், அன்ரி. அதுகளைக் கழட்டி விட்டால்தான் மற்றக் கப்பலோடை போய் ஒட்டலாம்” என்று விளக்கினான். அவள் இருமி முடியும்வரை காத்திருந்து கேட்டான். “மாப்பிள்ளை நல்லவரோ?”

“த... தங்கமான பெடியன்.”

“வடிவாய் விசாரிச்சனீங்களோ?”

“விசாரியாமலோ, தம்பி!”

“அப்ப சரி” என்றுவிட்டுப் பூச்சியத்தின் பக்கம் திரும்பினான்.

தயாளினிக்கும் மனச்சாட்சி இருந்தது. அதிகம் பாவிக்காததால் புத்தம் புதிதாகவே இருந்தது. அது விரட்ட, வீட்டுக்கு ஓடிவந்து சேலை மாற்றாமலே லண்டன் நம்பரைத் தேடி எடுத்தாள்.

“தங்கச்சி, சித்திரையிலை கஜீபனைப் பற்றிச் சொன்னது முழுப் பிழை. நான் ஒண்டும் காணேல்லை. மதிலாலை கேட்டது. அது பெட்டையள் இல்லையம்மா, ராக்கெட்டுத் துண்டுகள்! பெடியன் சாப்பாடும் இல்லாமல் இருக்கிறான். பாவம் எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளையிட்டை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, இன்னும் நேரம் இருக்கு.”

லண்டன்காரி இடைமறித்தாள்.

“என்னாலை ஏலாது, அன்ரி, நீங்களே சொல்லுங்கோ. அண்டைக்கு நாங்கள் கதைக்கேக்கை அவவும் லைனிலை நிண்டவ. ‘என்ரை அம்மா காணாததைக் கண்டதெண்டு சொல்லமாட்டா’ எண்டு அழுதுபோட்டுத்தான், அடுத்த நாளே உங்களுக்குப் போன் எடுத்து நீங்கள் பார்த்த மாப்பிள்ளைக்கு ஓம் எண்டவ.”