பதினேழு கற்கள்

"மூணு மாசமா பாதை போட்டியே தனசேகரு, ஒரு ஆளாவது நடந்தானா? ஆடுதான் நடக்குது!" டீக்கடை சாந்த் பாஷா சிரித்தார்.

தனசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்களஞ்சியத்தில் தொடங்கி, நவாப் காலத்து மசூதி, நாயக்கர் குளம், மராட்டியர் மதில் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ராணிக்கோட்டைக்கு ஏறும் நடைபாதை அது. வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து சுற்றுலாத் துறை அதிகாரி பார்க்க வருகிறார். சனம் நடந்தால் அவனுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் பாதையையும் மூடி, அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வழி தெரியாமத்தான் பாய் யாரும் வரல. வளைவுக்கு ஒரு கல்லுல பெயிண்ட் அடிச்சு அடையாளம் வெச்சுடறேன்."

"பெயிண்ட் பாக்கவா மலையேறுவாங்க? போப்பா!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நின்று பதினேழு கற்களில் அடித்து முடித்தான். தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்று இரண்டு வர்ணம். மறுநாளிலிருந்து அறிக்கை எழுதவே பொழுது சரியாக இருந்தது, மலைப்பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரிக்கு முட்டிவலி. நெற்களஞ்சியத்து மேட்டிலேயே நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"என்னய்யா, திருவிழா மாதிரி இருக்கு!"

தனசேகரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பாதை நெடுக எறும்பு வரிசையாய் சனம். ஆணும் பெண்ணும், இடுப்பில் குழந்தையும், கையில் பையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு அடையாளத்துகிட்டயும் நின்னு, நிதானமா சுத்திப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போறாங்க. சரித்திரத்து மேல ஜனங்களுக்கு இவ்வளவு ஆர்வமா! உன் வேலை நிரந்தரம்யா. இன்னிக்கே எழுதிடறேன்."

ஜீப் கிளம்பியதும் தனசேகரன் பாதையை நோக்கி ஓடினான். அவர்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. முதல் கல்லை நெருங்கியபோது பூக்கார தைலம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

"ஏம்பா, கண்ணு தெரியல? செருப்பைக் கழட்டு! பதினேழையும் சுத்தி வந்தா நெனச்சது நடக்குதாம், ஊரே சொல்லுது."

அவன் அடித்து வைத்த வெள்ளையும் காவியுமான பட்டைகளுக்குக் கீழே, கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.