பத்தாவது இலக்கம்

துகள்கள் மோதுவதைக் கணிக்கும் இரட்டை வளையத் தொகையீடு என்ற நீண்ட கணக்கை இருவரும் எட்டு மாதம் தனித்தனியாகப் போட்டார்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. விடைகள் பொருந்தினால்தான் கட்டுரை. சிலுவைமுத்து கையால் கணக்கிட்டார். பூங்கோதை கணினியில் கோடிக்கணக்கான புள்ளிகளைத் தூவிச் சராசரி எடுத்தாள். அந்த முறையில் முதல் ஆறு இலக்கங்களைத்தான் நம்பலாம். அதற்குப்பின் வருவது வெறும் இரைச்சல், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மாறும்.

இன்று அவர் தன் விடையை வாசிக்க, அவள் தன் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். ஆறும் பொருந்தின. அவளுக்குக் கண் கலங்கியது.

"இன்னும் இருக்கு, கேளுங்க பூங்கோதை. ஒம்பது. ரெண்டு. நாலு."

அவள் தாளிலும் ஒன்பது, இரண்டு, நான்கு. மறுபடி ஓட்டினால் அவளுக்கே கிடைக்காத எண்கள். அவளுடைய கோப்பு இருவரும் பயன்படுத்தும் பொதுக் கணினியில்தான் இருந்தது.

"என்ன, பொருந்துதா?"

"மேல சொல்லுங்க."

அவள் தாளில் பத்தாவது இலக்கம் மூன்று. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் தாளின்மேல் குனிந்தார். எட்டாக இருக்கட்டும், ஒன்றாக இருக்கட்டும், மூன்று மட்டும் வேண்டாம் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.