மஞ்சும் புகையும்

பூம்பாறைத் திருப்பத்தில் பகலிலேயே வெள்ளைப் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருக்கிறது. கண்மணியின் ஜீப் அதற்குள் பாதி கரைந்து நிற்கிறது. எரிந்துபோன பழைய ஹெட் கேஸ்கெட் தகடு வேலிக் கம்பியில் தொங்க, அதன் வட்ட ஓட்டைகள் வழியே மஞ்சு நூலாய் நுழைந்து போகிறது. புதியதைப் பொருத்திக் கடைசி போல்ட்டை முறுக்குகிறார் மெக்கானிக் சேனாதிபதி. தார்ப்பாய்க்குள்ளிருந்து பூண்டு மணக்கிறது. "இன்னைக்கு வத்தலக்குண்டுல எறக்கலன்னா ஈரத்துல எல்லாம் மொளவிட்டுரும்ணே," என்கிறாள் கண்மணி. "ஸ்டார்ட் பண்ணு தாயி." இன்ஜின் இருமி, பிறகு சீராக ஓடுகிறது. இருவரும் வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். நேற்று இந்தப் புகைக்குழாயில் தண்ணீர் கலந்து வந்த வெள்ளைப் புகைதான், இன்ஜினுக்குள் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போனதைக் காட்டிக்கொடுத்தது. இன்று எங்கும் வெள்ளை. "எது புகை, எது மஞ்சுன்னே தெரியலையே," என்று கண்ணைச் சுருக்குகிறார் அவர். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்த கண்மணி, குனிந்து புகைக்குழாய்க்கு நேரே உள்ளங்கையை விரிக்கிறாள். கண்களை மூடிக்கொள்கிறாள். அவள் முடி, முந்தானை, சாலை, மலை எல்லாம் நனைந்து கிடக்கின்றன. கையை அவரிடம் நீட்டுகிறாள். கருப்பாய், வெதுவெதுப்பாய், காய்ந்திருக்கிறது.