பத்திலிருந்து மூன்றுக்கு

கோமளவல்லிக்குக் கருப்பையை எடுத்து இரண்டு நாள் ஆகிறது. புது வலிமருந்து பற்றிய ஆய்வுக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளிடம் நான் கேட்க வேண்டும்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? ஒவ்வொரு முறையும் அவள் கணவர்தான் பதில் சொல்கிறார். "மூணு போட்டுக்கங்க மேடம். ஜாஸ்தி சொன்னா டாக்டர் சங்கடப்படமாட்டாரா?" நான்கைத் தாண்டினால்தான் அடுத்த ஊசி போட முடியும். "வலி உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று நேற்று கத்தியேவிட்டேன். அவர் சிரித்தார். இன்று அவரை வெந்நீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, வலி அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை அவள் கையில் வைத்தேன். "வாயால சொல்ல வேணாங்க. இந்த முள்ள நகர்த்துங்க, போதும்." அவள் கதவைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் முள்ளைத் தள்ளினாள். அது பத்தில் முட்டி நின்ற பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. முள் மெல்ல ஊர்ந்து மூன்றுக்குத் திரும்பியது. "மூணுதான மேடம்?" என்றார் கணவர், பிளாஸ்க்கை வைத்தபடி. "மூணுதாங்க" என்றாள் அவள். படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டம். பேனாவைத் திறந்தேன். அவள் கட்டைவிரல் நகம் இன்னும் வெளுத்தே இருந்தது.