வெறுங்காது

“இவ புள்ளைக்கு ஏழு வயசாச்சு மேடம். இன்னும் காது குத்தல. எல்லாம் என்னைய ஊருக்குள்ள தலைகுனிய வைக்கத்தான்.”

மனநல ஆலோசகர் ரேணுகா வாயைத் திறப்பதற்கு முன்பே செழியன் ஆரம்பித்துவிட்டான். எதிர் நாற்காலியில் தங்கை காளீஸ்வரி. அம்மா அழுத அழுகைக்காகத்தான் அவன் போடியில் இருக்கும் இந்த அறைக்கு வருகிறான். இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் அண்ணனும் தங்கையும் சண்டை போட வசதியாக ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவன் செழியன். குரங்கணிக்கு மேலே அவனுக்கு ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப் டிரைவர் ஜெகதீஷை, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று காளீஸ்வரி நின்றாள். கல்யாணத்தன்று மலையேறிப் போன செழியன், அதற்குப் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குழந்தை பிறந்தபோதும் போகவில்லை.

காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். கூடப் பிறந்தவன் வராவிட்டால் பெரியப்பா மகனையோ சித்தப்பா மகனையோ உட்கார வைத்துக் காரியத்தை முடிப்பது ஊரில் உள்ளதுதான். காளீஸ்வரி யாரையும் கூப்பிடவில்லை. பிள்ளை வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் “உனக்கு மாமன் இல்லையா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தங்கை வாழும் சிலமலையிலிருந்து குரங்கணி வரைக்கும் வந்து செழியனைச் சுடுகிறது.

“எல்லாம் அவன் சொல்லிக் குடுக்கிறது.” செழியன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். எதிர்த்த டீக்கடையில் ஜெகதீஷ் உட்கார்ந்திருந்தான். “மூணு தடவையும் இவளக் கொண்டாந்து விட்டான். ஒரு தடவையாவது உள்ள வந்தானா? அம்புட்டுக் கொழுப்பு.”

ரேணுகாவிடம் ஒரு விதி உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. பேசி முடித்ததும், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். போன தடவை, நான் என்ன கிளிப்பிள்ளையா என்று எகிறியவன், இன்று என்ன நினைத்தானோ, சரி என்றான்.

காளீஸ்வரி மெதுவாகப் பேசினாள்.

“அண்ணே, பெத்தவளுக்குப் புள்ள வெறுங்காதோட திரியறதப் பாக்கப் பொறுக்குமா? பெரியப்பா மகன் அமாவாசை அண்ணனக் கூப்பிட்டு வெரசா முடிச்சிருவோம்னு நான்தான் சொன்னேன். இவருதான் ஒத்துக்கிடல. ‘உன்னையத் தூக்கி வளத்த மனுசன் இருக்காரு. அவரு எடத்துல இன்னொருத்தன உக்கார வச்சிட்டா, நாளைக்கு அவரு மனசு மாறி வந்தா எங்க உக்காருவாரு? எத்தன வருசமானாலும் சரி, எம் மச்சான் மடியிலதான் எம் புள்ளைக்குக் காது குத்தணும்’னுட்டாரு. இங்க உள்ள வராததுக்கும் அதான். ‘நான் இருந்தா மச்சான் மனசுவிட்டுப் பேச மாட்டாரு, நீ போ’ன்னாரு.”



“கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க,” என்றார் ரேணுகா.

“எம் மச்சான் மடியிலதான்...” என்றான் செழியன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான். என்ன நடக்கப்போகிறதோ என்று காளீஸ்வரி பதறியடித்து ஜன்னலுக்கு ஓடினாள்.

அவன் தெருவைக் கடந்து வருவதைப் பார்த்ததும் ஜெகதீஷ் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு எழுந்து நின்றான்.

செழியன் முதல் தடவையாக அவனை முறை சொல்லிக் கூப்பிட்டான்.

“உள்ள வாங்க மாப்ளே. பெத்த தகப்பன் இல்லாம புள்ள காதுகுத்துக்கு எப்பிடி நாள் குறிக்கிறது?”