கமராவைக் கொண்டுவரச் சொன்னார்கள்

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி மேசையிலிருந்த கோப்புகளைத் தள்ளிவிட்டு, கமரா வைப்பதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த மரியாதையிலேயே குணேஸ்வரிக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

மூலையில் கிடந்த வாங்குப் பலகையில் அவளுடைய கணவன் ஆனந்தராசா இருந்தான். காலையில் போட்டுக்கொண்டு போன அதே சட்டை. ஒரு பொத்தானைக் காணவில்லை. அவள் அதைக் கவனிக்காததுபோல் நின்றாள்.

கமராவுக்குப் பக்கத்தில் அந்தச் சாமான் கிடந்தது. சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. இலக்கம் ஓடும் சின்னக் கண்ணாடி, அமர்த்த ஒரு பொத்தான், ஒரு முழ வயர். கமராவில் மாட்டி நேரத்தை வைத்துவிட்டால், கை படாமல் அது தன்பாட்டில் படம் எடுக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கமராவின் கண்ணைத் திறந்து வைத்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கத் தெருவை மறித்துச் சோதிக்கிற சென்றியில் யாருக்குப் பொறுமை? யுத்தம் நடக்கிற திருகோணமலையில் பொத்தானும் வயரும் ஓடுகிற இலக்கமும் ஒரே பையில் இருந்தால் அதற்கு ஒரு பெயர்தான். அவனைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

உன் கமராவில் இது வேலை செய்யுமா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். ஓம் என்றிருக்கிறான். சென்றியில் ஒருமுறை சொன்னதைப் பிறகு மாற்றிச் சொன்னவன் வீடு திரும்பமாட்டான் என்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பொலிசிலும் அவன் அதையே சொன்னான்.

அப்படியென்றால் கமராவைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டட்டும், வேலை செய்தால் இப்போதே போகலாம் என்றார் பொறுப்பதிகாரி. நியாயமான மனிதர்தான்.

லிங்கநகர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவர் கலீலுர் றஹ்மான். பொலிசில் தமிழையும் சிங்களத்தையும் மொழிபெயர்க்கிறவர். கூடவே இன்னொன்றும் சொன்னார். கமராவைக் கொண்டுவர வேண்டாம் என்று ஆனந்தராசா கெஞ்சுகிறானாம். அது நல்லதாகப் படவில்லையாம்.

குணேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கமராவைப் பறித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறது மனுசன். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துத்தான் அடுப்பெரிகிறது, சரி. ஆளில்லாத வீட்டில் கமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அலுமாரியைத் திறந்து, அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

அந்தச் சாமானை வரவழைத்தவளே அவள்தான்.

சல்லிக் கடற்கரையை மாலைக் கருக்கலில் படம் எடுப்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். அவள் பிறந்த ஊர்க் கடல். நெடுநேரம் திறந்துவைத்து எடுத்தால் அலையெல்லாம் புகைபோல் வருமாம். ஆனால் விரலால் அமர்த்தியதும் கமரா ஆடி, ஒவ்வொரு படமும் கலங்கிப் போகும். அவன் முகம் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் கனடாவிலிருக்கும் அண்ணனுக்கு அவளே தொலைபேசி எடுத்து, கமராவின் பெயரையும் சொன்னாள்.

பார்சல் வந்த அன்று ஆனந்தராசா அவளைக் கட்டிப்பிடித்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது என்றான்.

பொறுப்பதிகாரி வயரை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆனந்தராசா எழும்பினான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் தோளில் கைவைத்து அவனைத் திரும்ப இருத்தினார்.

அவள் கமராவின் பக்கத்திலிருந்த சின்ன மூடியைத் திறந்து, வயரின் நுனியை வைத்தாள்.

போகவில்லை.

திருப்பி வைத்தாள். அப்போதும் போகவில்லை. கை வியர்த்து வழுக்குவதால்தான் என்று நினைத்து, சேலையில் கையைத் துடைத்துவிட்டுப் பலமாக அமர்த்தினாள். இது உள்ளே போய்விட்டால் போதும். இரண்டுபேரும் வீட்டுக்குப் போய்விடலாம். காளியாத்தையை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு இன்னும் அமர்த்தினாள். வயர் வளைந்தது.

“விடும், குணம். அது வேறை கமராவின்ரை. உம்மடை மனம் நோகுமெண்டு சொல்லேல்லை. ஸ்டூடியோவிலை மாத்தத்தான் கொண்டு போனனான்.”

வாங்கிலிருந்து ஆனந்தராசாதான் சொன்னான்.

அண்ணனுக்குக் கமராவின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவன் அன்று கட்டிப்பிடித்ததும் விளங்கியது.

பொறுப்பதிகாரி சத்தம் போடவில்லை. பொருந்தாத சாமானைப் பொருந்தும் என்று உன் புருசன் ஏன் சொன்னான் என்று மட்டும் கேட்டார். கலீலுர் றஹ்மான் அதைத் தமிழில் சொன்னார்.

“எனக்காகச் சொன்ன பொய், ஐயா. அதைத்தான் சென்றியிலையும் சொல்லிப்போட்டார்.”

பொறுப்பதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு றஹ்மானைப் பார்த்தார்.

புருசன் சொன்னது பொய்யென்று அவளே ஒத்துக்கொண்டதாக எழுதப்பட்டால், அவளும் இன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டாள். இரண்டுபேரில் ஒருவராவது போகட்டும் என்று றஹ்மான் நினைத்திருப்பார்.

இவளுக்கு ஒன்றும் தெரியாதாம் என்று சிங்களத்தில் சொன்னார்.

பொறுப்பதிகாரி எழுதத் தொடங்கினார்.

குணேஸ்வரிக்குச் சிங்களம் விளங்காது. தான் சொன்னதைத்தான் எழுதுகிறார் என்று நம்பி, அவர் எழுதி முடிக்கும்வரை வாங்கிலிருந்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.